ஐந்நூறு லிட்டர் டீசல்

எங்கள் மாமா பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை. டீசல் பங்கில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர். எந்த வண்டிக்கு எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதே அவருடைய உலகம். ஓய்வு பெற்ற பிறகும் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை இஞ்சி தட்டிப்போட்ட டீயைக் கொண்டுவந்து வைத்தபோது டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நாட்டு ராணுவத் தளபதியைப் போர்க்குற்ற வழக்கில் பிடிக்க வாரண்ட். மாமா சத்தத்தைக் குறைத்தார்.

"ஏன் மாப்ள, இந்த ஆளு கையில துப்பாக்கியே இருந்திருக்காதே. சுட்டவன் எவனோ. இவரு எங்கயோ ஆபீஸ்ல உக்காந்து மேப்பைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு. இவர் மேல கொலைக் கேசு எப்படி நிக்கும்?"

"தலைவரா இருந்தாருங்கிறதுக்காகவே தூக்குல போட்ட கதை ஒண்ணு இருக்கு மாமா. அதுல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றேன்.

மலேயாவிலிருந்து திரும்பிய பெரியவர்கள் நிறைய இருந்த ஊர் எங்களுடையது. ஜப்பான்காரன் வந்த கதை மாமாவுக்குப் புதிதல்ல. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடித்த ஜெனரல் டோமோயுகி யமாஷிடாவை 'மலேயாவின் புலி' என்பார்கள். ஆனால் அவர் மீது வழக்கு வந்தது மலேயாவுக்காக அல்ல, பிலிப்பைன்ஸுக்காக. 1944 அக்டோபரில் அங்கே தளபதியாகப் போனார். அடுத்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் மணிலா நகரச் சண்டையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். ஜப்பானியப் படையினர் வீடு வீடாகப் புகுந்து கொன்றவர்கள் அதில் ஏராளம். யமாஷிடா சொன்னது இதுதான்: நான் வடக்கே மலைப்பகுதியில் இருந்தேன், தகவல் தொடர்பு அறுந்துபோயிருந்தது, நகரத்தில் நின்று சண்டை போட்டது பெரும்பாலும் கடற்படை ஆட்கள், அவர்களை நகரை விட்டு வெளியேறத்தான் சொல்லியிருந்தேன்.

விசாரித்தவர்கள் ஐந்து அமெரிக்க ஜெனரல்கள். ஒருவர்கூட வக்கீலுக்குப் படித்தவர் இல்லை. 1945 அக்டோபர் 29-ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 7-ஆம் தேதி தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மர்ஃபி, ரட்லெஜ் என்ற இரண்டு நீதிபதிகள் மட்டும் இது நியாயமில்லை என்று எழுதினார்கள்; மற்றவர்கள் தலையிட மறுத்தார்கள். 1946 பிப்ரவரி 23-இல் தூக்கு. அவர் நிரபராதி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவருக்கு என்ன தெரிந்திருந்தது, எதைத் தடுக்க அவருக்கு வழி இருந்தது என்று அந்த மேஜையில் யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை. அதே அமெரிக்கா, வியட்நாமில் மை லாய் கிராமத்தைத் தன் படையே அழித்தபோது, அந்தக் கம்பெனியின் கேப்டன் மெடினாவுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்ததா என்று நிரூபிக்கச் சொன்னது. 1971-இல் அவர் விடுதலையானார். அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறும் என்று மாமாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்ப மேனேஜரா இருந்தா போதும், உள்ள தள்ளிரலாமா?"

இல்லை. ஐம்பது வருஷம் கழித்து அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுத உட்கார்ந்தார்கள். யூகோஸ்லாவியா உடைந்து போஸ்னியாவில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, 1993 மே 25-இல் ஐ.நா. பாதுகாப்பு சபை ஒரு தீர்ப்பாயத்தை அமைத்தது. நெதர்லாந்தின் ஹேக் நகரில், ஒரு பழைய இன்சூரன்ஸ் கம்பெனிக் கட்டடத்தில் அது இயங்கியது. 2017 கடைசியில் மூடும்வரை 161 பேர் மீது குற்றம் சாட்டியது.

அங்கே 1998-இல் செலெபிச்சி என்ற சிறைமுகாம் வழக்கில் தீர்ப்பு வந்தது. மேலதிகாரியைப் பிடிக்க மூன்று விஷயங்கள் வேண்டும் என்று அது வரிசைப்படுத்தியது. குற்றம் செய்தவன் இவருடைய கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். அவன் செய்யப்போவதோ செய்ததோ இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்துகொள்ளும்படியான தகவல் கைக்கு வந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகும், தன்னால் முடிந்ததைச் செய்து தடுக்காமலோ தண்டிக்காமலோ இருந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று விழுந்தாலும் இந்த வழியில் வழக்கு விழுந்தது.

முதல் விஷயத்தில்தான் சுவாரஸ்யம். அந்த வழக்கில் முகாமை நடத்திய முசிச் என்பவருக்கு முறையான நியமன உத்தரவு கையில் இல்லை. ஆனால் காவலாளிகள் அவர் பேச்சைத்தான் கேட்டார்கள். யாரை விடுவது, யாரை வைப்பது என்று அவர்தான் சொன்னார். அவர் மாட்டினார். அவருக்கு மேலே இருந்ததாகச் சொல்லப்பட்ட டெலாலிச்சுக்குப் பெரிய பதவி இருந்தது, முகாமில் அதிகாரம் இல்லை. அவரை விட்டுவிட்டார்கள்.

மாமா சிரித்தார். "எங்க டிப்போவிலயும் போர்டுல ஒரு பேரு இருக்கும். வண்டிய எடுன்னு சொல்றது வேற ஆளு."

அதேதான். கோர்ட் பார்ப்பது வண்டியை எடுக்கச் சொன்னது யார் என்பதை.

இன்னொரு வாசலும் உண்டு. தளபதியே திட்டம் போட்டான், உத்தரவிட்டான், அல்லது தெரிந்தே உதவினான் என்று நேரடியாக நிரூபிப்பது. வெளியே நாம் 'தளபதியின் பொறுப்பு' என்று பெரிதாகப் பேசினாலும், பெரிய ஜெனரல்கள் பலரும் உள்ளே போனது இந்த வாசல் வழியாகத்தான். ஆனால் எந்த ஜெனரலும் 'எல்லாரையும் கொல்' என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை. அப்புறம் எதை வைத்து நிரூபிப்பது? அங்கேதான் மாமாவின் டீசல் புத்தகம் வருகிறது.

1995 ஜூலை 11. கிழக்கு போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற சின்ன ஊர். ஐ.நா. அதைப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்து, நெதர்லாந்துச் சிப்பாய்களைக் காவலுக்கு வைத்திருந்தது. போஸ்னிய செர்பியப் படை உள்ளே நுழைந்தபோது அந்தக் காவல் ஒன்றுக்கும் உதவவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். ஆண்களைத் தனியே பிரித்தார்கள். காட்டு வழியாகத் தப்பி நடந்த ஆயிரக்கணக்கானவர்களையும் வழியில் பிடித்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் கிடங்குகளிலும் அடைத்தார்கள். சில நாட்களுக்குள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டார்கள்.

முதலில் வாய் திறந்தது ஒரு சாதாரணச் சிப்பாய். டிராஜென் எர்டெமோவிச், அப்போது வயது 23. ஜூலை 16 அன்று பிரான்யெவோ என்ற ராணுவப் பண்ணையில் காலையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவனும் கூட இருந்தவர்களும் வரிசையாக நிற்கவைத்துச் சுட்டார்கள். மாட்டேன் என்றபோது, அப்படியானால் நீயும் அவர்களோடு போய் நில் என்றார்களாம். தன் கையால் சுமார் எழுபது பேரைக் கொன்றிருப்பேன் என்று அவனே சொன்னான். யாரும் அவனைக் கண்டுபிடிக்கவில்லை. அவனாகத்தான் வந்து சொன்னான். முதலில் பத்தாண்டு, மேல்முறையீட்டுக்குப் பிறகு 1998-இல் ஐந்தாண்டு.

"எழுபது பேருக்கு அஞ்சு வருஷமா?" என்று அத்தை கதவருகே நின்றபடி கேட்டாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என்னிடம் பதில் இல்லை. அவன் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பண்ணையைப் பற்றி அவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்காது என்பதைத்தான் சொல்ல முடிந்தது.

ஒருத்தன் சொன்னால் போதாது. ஜான் ரெனே ருயேஸ் என்ற பிரெஞ்சு போலீஸ் அதிகாரியின் குழு ஒவ்வொரு இடமாகத் தேடியது. ஆகாயத்திலிருந்து அமெரிக்கா எடுத்த படங்களில் புதிதாகத் தோண்டிய மண் தெரிந்தது. அதற்குள் கொலைகாரர்களும் சும்மா இருக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் புல்டோசர் வைத்துப் புதைகுழிகளைக் கிளறி, உடல்களை லாரியில் அள்ளி, தூரத்தில் சின்னச் சின்னக் குழிகளில் மறுபடி புதைத்தார்கள். ஒரே ஆளின் எலும்புகள் இரண்டு மூன்று இடங்களில் கிடைத்தது அதனால்தான்.

மறைக்கப்போய் இன்னும் கெட்டியாக மாட்டிக்கொண்டார்கள். கோஸ்லுக் என்ற ஊரில் ஒரு பாட்டில் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடியும் லேபிள்களும் கொட்டிக்கிடந்த இடத்தில் ஆட்களைச் சுட்டுப் புதைத்திருந்தார்கள். கிளறி எடுத்து வேறிடம் கொண்டுபோனபோது, உடல்களோடு அந்தக் கண்ணாடித் துண்டும் லேபிளும் கூடவே போயின. மண்ணையும் தோட்டா உறைகளையும் ஒப்பிட்டு, எந்தக் குழியின் பிள்ளை எந்தக் குழி என்று கண்டுபிடித்தார்கள். சண்டையில் செத்தவர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. குழிகளிலிருந்து கண்கட்டுத் துணிகளும், கைகளைப் பின்னால் கட்டிய கம்பிகளும் வந்தன.

இதெல்லாம் சேர்ந்து, நடந்தது படுகொலை என்று நிரூபிக்கும். ஜெனரலை இன்னும் தொடாது. அவருக்கும் குழிக்கும் நடுவே நிற்பவை காகிதங்கள். 1998-இல் ஸ்வோர்னிக் என்ற ஊரிலிருந்த பிரிகேட் தலைமையகத்தைச் சோதனை போட்டு அவற்றை அள்ளினார்கள். டூட்டி ஆபீசர் நோட்டு, வண்டிகளின் லாக் ஷீட், எரிபொருள் பட்டியல்.

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

அந்தப் பிரிகேடின் இயந்திரம் ஒன்று, மண் அள்ளும் லோடர். ஜூலை 17 அன்று பிரான்யெவோவில் எட்டரை மணி நேரம் வேலை பார்த்ததாக அதன் லாக் ஷீட்டில் இருக்கிறது. எர்டெமோவிச் சுட்டதாகச் சொன்ன நாளுக்கு மறுநாள். பண்ணையில் அன்றைக்கு விதைப்பு எதுவும் இல்லை.

இன்னொன்று ஜூலை 16, மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்னால். ரேடியோ பேச்சை ஒட்டுக்கேட்ட போஸ்னிய ராணுவத்தினர் நோட்டில் கையால் எழுதிவைத்தது: பொபோவிச் என்ற லெப்டினன்ட் கர்னலுக்கு ஐந்நூறு லிட்டர் டீசல் உடனே வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய வேலை நின்றுவிடும். வெறும் ஒட்டுக்கேட்ட பேச்சு என்றால், எதிரி ஜோடித்தது என்று தள்ளியிருப்பார்கள். ஆனால் மறுபக்கத்துப் படையின் சொந்த ஸ்டோர் பட்டியலிலேயே அதே தேதி, அதே ஐந்நூறு லிட்டர், பெற்றுக்கொள்பவர் பெயர் பொபோவிச்.

"ரெண்டு புஸ்தகமும் ஒத்துப்போச்சா?" என்றார் மாமா. குரலில் ஆடிட்டர் வந்துவிட்டார்.

ஒத்துப்போனது. அந்த டீசல், கைதிகளைப் பிரான்யெவோவுக்கு ஏற்றிப்போன வண்டிகளுக்கு. பொபோவிச், ஸ்வோர்னிக் பிரிகேடுக்கு மேலிருந்த டிரினா படையணியின் பாதுகாப்பு அதிகாரி. அந்தப் படையணியின் தளபதி ராடிஸ்லாவ் கிர்ஸ்டிச்.

கிர்ஸ்டிச் சொன்னது ஏறத்தாழ யமாஷிடா சொன்னதேதான். நான் ஜெப்பா என்ற அடுத்த ஊர்ச் சண்டையில் இருந்தேன். கொலைகள் தலைமையகத்து ஆட்களின் வேலை. அந்த நாட்களில் நான் தளபதியாகவே பொறுப்பேற்கவில்லை. இம்முறை கோர்ட் ஆறே வாரத்துக்குள் முடிக்கவில்லை. பொறுப்பேற்றது என்றைக்கு என்று தோண்டியது. ஜூலை 13 மாலை, 'படையணித் தளபதி' என்று அவரே கையெழுத்திட்ட உத்தரவு ஒன்று வந்தது. ஜூலை 15 காலை பெயாரா என்ற கர்னல் அவரை அழைத்து ஆள் கேட்ட பேச்சும் வந்தது: இன்னும் 3,500 பார்சல் பட்டுவாடா செய்யவேண்டியிருக்கிறது, வழி தெரியவில்லை. என்ன செய்யமுடியும் என்று பார்க்கிறேன் என்றார் கிர்ஸ்டிச். பார்சல் என்றால் உயிரோடு இருந்த கைதிகள்.

2001 ஆகஸ்டில் இனப்படுகொலைக் குற்றத்துக்கு 46 ஆண்டுகள். அந்தத் தீர்ப்பாயம் அந்தக் குற்றத்துக்கு ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல் தடவை. 2004 மேல்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. ஏன் குறைந்தது என்பதுதான் எனக்கு இந்த வழக்கிலேயே முக்கியம். போஸ்னிய முஸ்லிம் இனத்தை அழிக்கவேண்டும் என்ற எண்ணம் கிர்ஸ்டிச் மனதில் இருந்ததாக நிரூபணம் இல்லை என்றார்கள். ஆனால் மேலே இருந்தவர்களுக்கு அந்த எண்ணம் இருந்தது அவருக்குத் தெரியும். தெரிந்தே தன் படையணியின் ஆட்களையும் வண்டிகளையும் பயன்படுத்த விட்டார். ஆகவே உடந்தை. மொத்த வழக்கும் கடைசியில் யாருடைய வண்டி, யாருடைய டீசல் என்ற இடத்தில் வந்து நின்றது. 2024-இல் அதே கிர்ஸ்டிச், அங்கே நடந்தது இனப்படுகொலைதான், அதில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். விடுதலை கேட்டிருந்த சமயம் அது. எவ்வளவு மனமாற்றம், எவ்வளவு மனு என்று பிரிப்பது நம் வேலை இல்லை.

ஸ்வோர்னிக் பிரிகேடின் தளபதி பாண்டுரெவிச் கதை இன்னும் சிக்கல். 3,000 பேரைக் கொண்டுவந்து என் எல்லையிலிருக்கும் பள்ளிக்கூடங்களில் அடைத்துவிட்டுப் போனது யார், என்னால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை என்று மேலிடத்துக்கு எரிச்சலோடு அறிக்கை எழுதினார். தன்னைக் காத்துக்கொள்ள எழுதிய அந்த வரியே, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சியானது. அதே மனிதர்தான் ஜூலை 16-இல் தன் வரிசையைத் திறந்துவிட்டு, காட்டுக்குள் சிக்கியிருந்த ஆயிரக்கணக்கானோர் உயிரோடு கடந்துபோக வழிவிட்டவர். கோர்ட் இரண்டையும் எடைபோட்டது. பதின்மூன்று ஆண்டு. பெயாராவுக்கும் பொபோவிச்சுக்கும் ஆயுள்.

எல்லாருக்கும் மேலே, மொத்த போஸ்னிய செர்பியப் படைக்கும் தளபதியான ராட்கோ மிளாடிச். அவரும் நான் ஊரிலேயே இல்லை என்றார். அது பொய்யில்லை. அந்த நாட்களில் பெல்கிரேடில் இருந்தார்; சர்வதேசத் தூதர்களைச் சந்தித்தார்; ஜூலை 16 அன்று ஒரு கல்யாணத்தில் இருந்தார். பிரான்யெவோவில் பஸ்கள் வந்திறங்கிய அதே நாள். எங்கிருந்தாலும் படையோடு தொடர்பில் இருந்தார், கட்டளை அவர் கையை விட்டுப் போகவில்லை என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். அவருக்கு டைரி எழுதும் பழக்கம் வேறு. மனைவியின் வீட்டில் செர்பிய போலீஸ் எடுத்த போர்க்கால நோட்டுகள் சுமார் 3,500 பக்கம். யாரை எப்போது சந்தித்தார் என்பதெல்லாம் அதில் இருந்தது. 2017-இல் ஆயுள் தண்டனை, 2021-இல் உறுதியானது.

"டைரி எழுதுறவன் எல்லாம் ஜெயிலுக்குப் போறான்" என்றார் மாமா.

ஜெயிலுக்குப் போகாமல் தப்பியவர்களும் உண்டு. பெரிசிச் என்பவர் பெல்கிரேடில் யூகோஸ்லாவிய ராணுவத்தின் தலைவர். போஸ்னிய செர்பியப் படைக்கு ஆயுதமும் எரிபொருளும் அங்கிருந்துதான் போயின. அதிகாரிகள் பலருக்குச் சம்பளமே அங்கிருந்துதான். 2011-இல் 27 ஆண்டு கொடுத்தார்கள். 2013-இல் மேல்முறையீட்டில் விடுதலை. கொடுத்த உதவி குறிப்பாகக் குற்றத்துக்கென்றே கொடுக்கப்பட்டதாக நிரூபிக்கவில்லை, ஒரு படை போர் நடத்தக் கொடுத்த பொதுவான உதவி என்றார்கள். அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில், வேறு நீதிபதிகள், அப்படியொரு நிபந்தனை சட்டத்தில் இல்லை என்று எழுதினார்கள். பெரிசிச் அதற்குள் வீட்டில் இருந்தார்.

"அதாவது டீசல் ஊத்தின டிப்போ உள்ள. டிப்போவுக்கு டீசல் அனுப்பின ஹெட் ஆபீஸ் வெளிய."

இதைவிடச் சுருக்கமாக அந்தத் தீர்ப்பை விமர்சித்தவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

2002 முதல் இயங்கும் நிரந்தர சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலும் இதே இழுபறி. காங்கோவின் பெம்பா, எல்லை தாண்டி மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் தன் ஆட்கள் செய்த கொலைக்கும் வன்புணர்வுக்கும் 18 ஆண்டு பெற்றார். 2018-இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் விடுதலை. தூரத்தில் இருந்தவருக்கு நடைமுறையில் என்ன செய்யமுடிந்திருக்கும் என்று கீழ்க்கோர்ட் சரியாக யோசிக்கவில்லையாம். எனக்கு அந்த முடிவு உவப்பில்லை. ஆனால் யமாஷிடாவுக்குக் கேட்கப்படாத கேள்வி பெம்பாவுக்குக் கேட்கப்பட்டது. ஒரு பக்கம் மட்டும் கேட்க வேண்டும் என்று நான் சொல்லமுடியாது.

மாமா கேட்பார் என்று எதிர்பார்த்த கேள்வி அப்போதுதான் வந்தது. "நம்ம பக்கத்துல, முள்ளிவாய்க்கால்ல நடந்ததுக்கு?"

கோர்ட்டுக்குச் சொந்தமாக போலீஸ் கிடையாது. கிர்ஸ்டிச்சை 1998-இல் பிடித்தது நேட்டோ தலைமையிலான படை. மிளாடிச் ஏறத்தாழ பதினாறு வருஷம் பிடிபடாமல் இருந்தார்; ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவேண்டுமானால் ஒப்படை என்று நெருக்கிய பிறகுதான் 2011-இல் லசரெவோ என்ற கிராமத்தில், உறவினர் வீட்டில் பிடிபட்டார். இலங்கையைப் பொறுத்தவரை வாசலே திறக்கவில்லை. அந்த நாடு நிரந்தர நீதிமன்றத்தின் ஒப்பந்தத்தில் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. சேராத நாட்டு மண்ணில் அந்த நாட்டவரே செய்ததை விசாரிக்க, பாதுகாப்பு சபை அனுப்பிவைக்க வேண்டும், இல்லை அந்த நாடே சம்மதிக்க வேண்டும். சபையில் ஐந்து பேருக்கு வீட்டோ. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்குக் கொடுத்தது. இப்போதைக்கு அவ்வளவுதான். குழியும் காகிதமும் கெட்டுப்போகாமல் இருந்தால், வாசல் திறக்கும் நாளில் கையில் ஏதாவது இருக்கும்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆறிப்போன டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. பிறகு கேட்டார்.

"அந்த ஐந்நூறு லிட்டரை எழுதினானே ஸ்டோர்க்காரன். எதுக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"அதை நம்மால சொல்ல முடியாது மாமா."

"தெரிஞ்சாலும் எழுதித்தான் இருப்பான். மாசக் கடைசியில குச்சி விட்டுப் பாக்கும்போது டாங்கில ஐந்நூறு லிட்டர் குறைஞ்சா, திருடினது அவன்னு ஆகும்ல" என்று சொல்லிவிட்டு, அத்தையிடம் இன்னொரு டீ கேட்டார்.